பதில்: சோ மோரிரி பேனல் அறையில் விடிகாலையில் சொட்டும் நீர்

கூரை ஒழுகவில்லை, சிலிகான் பூசுவதை நிறுத்துங்கள். லடாக்கில் சோ மோரிரி ஏரிப் பக்கம் 4,500 மீட்டர் உயரத்தில், குளிர் தடுக்கும் பலகைகளை (பேனல்) போல்ட் போட்டு இணைத்து வைத்த நான்கு பேர் அறை, மழையே இல்லாத நாளிலும் விடிகாலையில் மட்டும் பேனல் இணைப்பில் சொட்டுகிறது என்கிறீர்களே, அது உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சு. ஓர் ஆள் மணிக்கு 40 கிராம் போல ஈரம் விடுவார். நான்கு பேர், எட்டு மணி நேரம், கணக்குப் போட்டால் ஒரு லிட்டருக்கு மேல்.

என் சந்தேகம் இணைப்பு போல்ட் மீதுதான். உள்ளிருந்து வெளிவரை ஒரே இரும்பாகப் போனால் அதன் தலை சில்லிட்டு ராத்திரி உறைபனி பிடிக்கும், காலையில் அறை சூடானதும் உருகிச் சொட்டும்.

இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தலை மட்டும் வெள்ளையா? ஃபோம் துண்டு வைத்து டேப் ஒட்டினால் போதும். இணைப்பு முழுக்க வெள்ளை என்றால் உட்பக்கம் சீல் இல்லை. ஈரத் தடுப்புத் தாள் சூடான பக்கம், அதாவது உள்ளே வர வேண்டும், பலர் வெளியே ஒட்டிவிடுகிறார்கள்.

சீல் செய்கிற வேகத்தில் காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். உள்ளே புகாரி (அறையைச் சூடேற்றும் இரும்பு அடுப்பு) எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாசனைகூடக் காட்டாமல் ஆளை முடித்துவிடும். அப்புறம், புகைக்குழாய் இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டர் என்றால் அதையும் மாற்றுங்கள், ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்தான் சேரும்.