ஜாவாவுக்கு அடுத்து எந்த மொழி?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஜாவாவில் பேக்எண்ட் (சர்வர் பக்க) பணி செய்துவருகிறேன். வேலை மாறும் எண்ணம் இருக்கிறது. கோட்லின், பைத்தான், ரஸ்ட், கோ என்று ஆளுக்கொன்றைப் பரிந்துரைக்கிறார்கள். வேலைவாய்ப்பை மனத்தில் கொண்டு எதைக் கற்பது?

பதில்: அடுத்து எந்த வகை வேலைக்குப் போக விரும்புகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டால், மொழியைப் பற்றிய குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். ஆண்ட்ராய்டு பக்கம் போவதென்றால் கோட்லின் கட்டாயம். 2019 முதல் கூகுள் அதற்கே முன்னுரிமை தருகிறது. மற்றபடி, ஜாவா அறிந்தவர் அதைத் தேவைப்படும்போது விரைவாகப் பழகிக்கொள்ளலாம். இயந்திரக் கற்றல் துறைக்குப் பைத்தான் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே மொழி எளிய பகுதி, புள்ளியியலும் நேரியல் இயற்கணிதமும்தான் ஆளைச் சோதிப்பவை.

பேக்எண்டிலேயே தொடர்வதானால் நான் கோ மொழியையே சொல்வேன். கூகுள் 2009இல் வெளியிட்ட இம்மொழியில்தான், செயலிகளைக் கன்டெய்னர் என்னும் பொதிகளில் இட்டு இயக்கும் டாக்கரும் அவற்றை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸும் எழுதப்பட்டிருக்கின்றன என்பதால், கிளவுட் உள்கட்டமைப்பு சார்ந்த பணிகளில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. 25 கீவேர்டுகளே (மொழிக்கென ஒதுக்கப்பட்ட சொற்கள்) கொண்ட சிறிய மொழி. நிரல் முழுவதும் நேரடியாக இயங்கக்கூடிய ஒரே பைனரி கோப்பாகக் கம்பைல் ஆகிவிடுவதால், ஜாவா நிரல்களை இயக்கும் ஜேவிஎம் போன்ற ஒன்று தனியே தேவையில்லை. உங்களுக்கு உறுத்தப்போவது பிழை கையாளும் முறை. கோப்பைத் திறக்கும் ஃபங்ஷன், கோப்பையும் பிழையையும் இரண்டு மதிப்புகளாகத் திருப்பித் தரும். பிழையின் மதிப்பு 'நில்' (nil, அதாவது பிழை ஏதும் இல்லை) தானா என்று அடுத்த வரியிலேயே பார்ப்பது வழக்கம். பிழை நேரும்போது ஜாவாவில் எக்ஸெப்ஷனை எறிந்து, மேலே எங்கோ பிடித்துப் பழகியவருக்கு இது சலிப்பூட்டும். ஆனாலும் எது எங்கே தவறக்கூடும் என்பது நிரலைப் படிக்கும்போதே கண்ணில் படும்.

ரஸ்ட் அருமையான மொழி. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 கர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதற்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும் பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் இல்லாமல், ஒவ்வொரு மதிப்புக்கும் உரிமையாளர் யார் என்பதைக் கம்பைலருக்கு நிரூபித்தாக வேண்டிய அதன் ஒழுங்கு கைவரச் சில மாதங்கள் ஆகும். இயங்குதளம், எம்பெடட் (கருவிகளுக்குள் இயங்கும் மென்பொருள்) போன்ற துறைகளில் நாட்டமிருந்தால் மட்டும் இறங்குங்கள்.

இதற்கிடையில் ஜாவாவைக் கைவிட்டுவிடாதீர்கள். 2014இல் வந்த ஜாவா 8உடன் நின்றுவிட்டவர்கள் ஏராளம். 2023இல் வந்த ஜாவா 21இன், ஏராளமான பணிகளை ஒரே நேரத்தில் குறைந்த செலவில் நடத்த உதவும் விர்ச்சுவல் த்ரெட்களைத் தெரிந்துகொள்வதும் புதிய மொழி கற்பதற்கு இணையான முதலீடுதான். நீங்கள் ஜாவாவில் எழுதிய சிறிய சேவை ஒன்றையே கோ மொழியில் மீண்டும் எழுதி, இரண்டையும் கன்டெய்னரில் ஓடவிட்டு, நினைவகப் பயன்பாட்டையும் தொடங்கும் வேகத்தையும் அளந்து வையுங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அந்த ஒப்பீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.