டெக்சாஸ்ல எக்ஸ் ஆர்மிக்கு வீட்டு வரியே கிடையாதா?

தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் கிரீன் கார்டுல இருக்கும்போதே ஆர்மில சேர்ந்து முதுகுல அடிபட்டு வெளிய வந்துட்டார், விஏ (எக்ஸ் ஆர்மிக்காரங்களுக்கான அமெரிக்க அரசுத் துறை) உடம்பு பாதிப்புக்கு 80% ரேட்டிங் குடுத்திருக்கு, சான் அன்டோனியோல வீடு வாங்கினா ப்ராப்பர்டி டாக்ஸே கட்ட வேணாமாமேன்னு கேட்டிருக்கீங்க. கட்டணும்மா. முழு விலக்கு 100%க்குத்தான். 70ஓ அதுக்கு மேலயோ இருந்தா 12,000 டாலர் கழிப்பாங்க, அதுவும் வரியில இல்ல, வீட்டோட மதிப்புல. வரி 2% பக்கம்னு வச்சா வருசத்துக்கு 240 டாலர் மிச்சம், அவ்ளோதான்.

இன்னும் 20 தானே, வாங்கிடலாம்னு நினைக்காதீங்க, விஏ கூட்டற முறையே வேற, மிச்சம் இருக்கற நல்ல உடம்புல இருந்துதான் அடுத்த பர்சன்ட்ட எடுப்பாங்க, அதனால 80 இருக்கறவருக்கு புதுசா ஒரு 50 குடுத்தாலும் 90லதான் நிக்கும். ஆனா ஒண்ணு, அந்தக் காயத்தாலயே நிரந்தரமா ஒரு வேலையில இருக்க முடியலன்னா இன்டிவிஜுவல் அன்எம்ப்ளாயபிலிட்டி கேட்டுப் பாக்கலாம், அது கிடைச்சா ரேட்டிங் 80ஆவே இருந்தாலும் பணம் 100% கணக்குல வரும், டெக்சாஸ் முழு விலக்கும் குடுக்கும். நல்ல வேலைல இருக்கார்னா இத விட்டுடுங்க. கவுன்டி வெட்டரன் சர்வீஸ் ஆபீசர்கிட்ட (வெட்டரன்னா எக்ஸ் ஆர்மிக்காரர், அவங்களுக்கு உதவற ஆபீசர்) கேளுங்க, காசு வாங்க மாட்டாங்க.

இப்ப முக்கியமான விஷயம். சான் அன்டோனியோல மிலிட்டரி ஆளுங்க நெறைய, அதனால விக்கறவரே 100% வெட்டரனா இருக்கலாம், போன வருச வரி சைபர்னு காட்டும், அத நம்பி பட்ஜெட் போட்டா மாட்டிக்குவீங்க. விலக்கு ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்ல. அவரு போனதும் முழு வரியும் உங்க தலைல வரும், 3,50,000 டாலர் வீடுன்னா மாசம் ஐந்நூறு டாலர் பக்கம் வரும். ஏஜென்ட் இதெல்லாம் தானா சொல்வாங்கன்னு எதிர்பாக்காதீங்க (எல்லாரும் அப்படி இல்ல, சரி). பெக்ஸார் (சான் அன்டோனியோ இருக்கற கவுன்டி) அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அதாவது வீட்டு மதிப்பு போடற ஆபீஸ், அவங்க சைட்ல அட்ரஸ் போட்டா யாருக்கு என்ன எக்ஸம்ப்ஷன் இருக்குன்னு தெரியும், ஆஃபர் போடறதுக்கு முன்னாடி பாருங்க.

சொந்த வீட்ல தானே குடியிருக்கறவங்களுக்கான சாதாரண ஹோம்ஸ்டெட் விலக்கு எல்லாருக்கும் உண்டு, 2025 ஓட்டெடுப்புக்கு அப்புறம் ஸ்கூல் டாக்ஸுக்கு மதிப்புல 1,40,000 டாலர் கழியும், இதுதான் உங்களுக்கு அந்த 12,000த்த விட பெரிசு. ரெண்டுக்கும் தனித்தனி ஃபார்ம், ரெண்டும் ஃப்ரீ, வீடு வாங்கினதும் கவர்மென்ட் லெட்டர் மாதிரியே ஒண்ணு வரும் நாங்க ஃபைல் பண்றோம் பணம் அனுப்புங்கன்னு, கிழிச்சுப் போடுங்க.

அப்புறம் விஏ லோன்ல (விஏ உத்தரவாதம் குடுக்கற வீட்டுக் கடன்) போனா ஃபண்டிங் ஃபீ, அதாவது அந்த லோனுக்கு ஒரு தடவை கட்டற கட்டணம், கட்ட வேணாம், டிஸபிலிட்டி பணம் வாங்கறவங்களுக்கு அது தள்ளுபடி, லோன் பேப்பர்ல அந்த ஃபீய எடுத்துட்டாங்களான்னு கையெழுத்துக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. பின்னாடி எப்பவாவது 100 வந்தா அந்த வருசம் முடியட்டும்னு காத்திருக்காம உடனே அப்ளை பண்ணுங்க, கிடைச்ச தேதில இருந்தே கணக்கு பண்ணுவாங்க. அதோட பேங்க்குக்கும் சொல்லி எஸ்க்ரோவ (வரிக்காக மாசத் தவணையோட சேத்து எடுத்து வைக்கற பணம்) திருப்பிக் கணக்குப் போடச் சொல்லுங்க, இல்லன்னா அவங்க பாட்டுக்கு பழைய தொகையவே மாசாமாசம் எடுத்துட்டு இருப்பாங்க.