மே மாதத்தில் வெள்ளியங்கிரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எல்லோரும் ராத்திரியில்தான் வெள்ளியங்கிரி ஏறுகிறார்கள். எனக்கு இருட்டில் நடப்பது ஒத்துவராது. மே மாதத்தில் ஒரே பகலில் ஏறி இறங்க முடியுமா, பாதை எப்படி இருக்கும்? வயது 46, தினமும் நடக்கிறேன். (வாசகர், ஈரோடு)

பதில்: முடியும். ஆனால் டிபன் முடித்துவிட்டு எட்டு மணிக்கு அடிவாரமான பூண்டியில் வந்து நின்றால் நடக்காது. ஏழு மலை தாண்டித்தான் உச்சியில் இருக்கும் சிவனை, வெள்ளியங்கிரி ஆண்டவரைப் பார்க்க முடியும். அதில் முதல் சில மலைகளில் மரநிழல் இருக்கிறது, வெயில் அவ்வளவாகத் தெரியாது. மேலே போகப் போகத்தான் வெறும் புல்வெளி, ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடைக்காது, அங்கே உச்சி வெயிலில் மாட்டினால் அவ்வளவுதான். அதனால் முந்தின நாள் சாயங்காலமே கோவையிலிருந்து பூண்டி போய், எத்தனை மணிக்கு மலைக்கு விடுகிறார்கள் என்று வனத்துறை ஆட்களிடம் கேட்டுக்கொண்டு, அங்கேயே படுத்துவிடுங்கள். அதிகாலை நாலு மணிக்குள் ஏற ஆரம்பித்தால் முதல் மலைக்கு மட்டும்தான் டார்ச் வேண்டும். அது முழுக்கக் கல்படி, சீசனில் ஆள் நடமாட்டமும் உண்டு, வழி தவறாது.

அந்த முதல் மலைதான் நிறையப் பேரைத் திருப்பி அனுப்புவது. படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அதில் பாதி, மூச்சு ஒரு நிதானத்துக்கே வராது. வெள்ளை விநாயகர் கோயில் வரை பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் போங்கள். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனையெல்லாம் தாண்டினால் நடை கொஞ்சம் இளகும். ஆறாவது மலை ஆண்டி சுனையை நோக்கி இறக்கம், ஏறும்போது ஜாலியாக இருக்கும், திரும்பி வரும்போது அதையே ஏற வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஏழாவது மலை நெட்டுக்குத்து. மண்ணும் சரளையும் காலடியில் உருளும், மூங்கில் தடியின் அருமை அங்கேதான் தெரியும், அடிவாரத்திலேயே ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஏற நாலிலிருந்து ஆறு மணி நேரம், இறங்க அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் உச்சியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மே மாதம் மதியத்துக்கு மேல் இடியோடு கோடை மழை வரும். மின்னலுக்கு அந்தப் புல்வெளியில் உயரமாக நிற்பது நீங்கள்தான், பாதையில் வரும் வழுக்குப்பாறையும் நனைந்துவிட்டால் பேருக்கேற்றபடி நடந்துகொள்ளும். பத்துக்கும் ஆறாவது மலையிலேயே இருந்தால் அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுத் திரும்புங்கள், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போயே தீருவேன் என்கிறார். என்ன சொல்லி நிறுத்துவது? (வாசகி, மதுரை)

பதில்: 2024 சீசனில் இந்த மலையில் பக்தர்கள் பலர் மூச்சுத் திணறியும் நெஞ்சுவலி வந்தும் இறந்தார்கள், அந்தச் செய்திகளைக் காட்டுங்கள். நடு மலையில் ஒருவர் விழுந்தால் டோலி கட்டி ஆட்கள் சுமந்துதான் இறக்க வேண்டும், ஆம்புலன்ஸ் ஏற வழியில்லை. இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. பூண்டி அடிவாரத்திலும் வெள்ளியங்கிரி ஆண்டவர்தான் இருக்கிறார், கூட்டிப் போய் நிம்மதியாகக் கும்பிட வையுங்கள். மதியம் அன்னதானமும் உண்டு.

கேள்வி: கூட்டமே பிடிக்கவில்லை. அனுமதி கேட்காமல் வேறு காட்டுப் பாதையில் போனால் என்ன என்கிறான் நண்பன். (வாசகர், திருப்பூர்)

பதில்: நண்பனிடம் குரங்கணியைப் பற்றிக் கேளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் அந்த மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டைப் பார்த்து ஓடும்போது மனிதக் காலால் முந்த முடியாது. வெள்ளியங்கிரிப் பக்கம் யானையும் நடமாடுகிறது. கூட்டம் பிடிக்கவில்லையென்றால் சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி, சனி ஞாயிறு மூன்றையும் விட்டுவிட்டு ஒரு செவ்வாய், புதனில் போங்கள். அப்புறம், கண்ட இடத்தில் கற்பூரம் கொளுத்துகிறவர்கள் அது அணைகிற வரைக்குமாவது பக்கத்தில் நிற்கலாம். பக்திக்குக் குறைச்சல் வந்துவிடாது.

கேள்வி: ஷூவா, வெறுங்காலா? என்னவெல்லாம் எடுத்துப் போக வேண்டும்? (வாசகர், கரூர்)

பதில்: வேண்டுதல் இருந்தால் வெறுங்கால், இல்லாவிட்டால் பழகிய பழைய ஷூ. புதுசு வேண்டவே வேண்டாம். முந்தின நாளே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இறங்கும்போது கட்டைவிரல் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே போனால் கெண்டைக்கால் பிடிக்கும், உப்பு சர்க்கரை கலந்து ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் பையைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினால் அந்தக் காசைத் தருகிற வழக்கம் இருந்தது, இப்போது எப்படி என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.