பழைய கார் கேள்வி-பதில்: தெர்மோஸ்டாட் செய்த பாவம் என்ன?

மே மாதக் கடிதங்கள் என்றால் என்ஜின் சூடுதான். இந்த முறையும் அப்படியே.

கார் அடிக்கடி சூடாகிறது. உடனடித் தீர்வு சொல்லவும்.
– கானாடுகாத்தான் வாசகர்

எந்தக் கார், எந்த வருடத்து மாடல், நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போதா? ஒன்றையும் எழுதாமல் தீர்வு கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். நின்றால் மட்டும் சூடு காட்டும் முள் ஏறினால் ஃபேனையும் பெல்ட்டையும் பாருங்கள். வேகமாக ஓடினால் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் ரேடியேட்டரில் அடைப்பு. முள் உச்சிக்குப் போன பிறகும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் ஆறியே இருந்தால் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானபின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) திறக்கவில்லை. எதுவானாலும், சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள்.

என் அம்பாசடரில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். "நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்றார் மெக்கானிக். அதிலிருந்து முள் மேலே வருவதே இல்லை. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது. சரிதானா?
– தேவகோட்டை வாசகர்

சரியில்லை. இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நம் ஊர் வெயில் என்ன, 40 டிகிரி. தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்குவதோ சுமார் 82 டிகிரியில். கத்திரி வெயிலில் கூட, காலையில் கிளப்பும் என்ஜின் அதன் கணக்கில் குளிர்ந்த என்ஜின்தான். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ளினால் வால்வு திறக்கிறது. ஆறினால் ஸ்பிரிங் அதை மூடிவிடுகிறது. முழுக்கத் திறந்துவிட்டால் அது தண்ணீரை மறிப்பதில்லை. என்ஜின் எவ்வளவு சூடாகலாம் என்பது ரேடியேட்டரின் பொறுப்பு. எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை.

அதைக் கழற்றினால் தண்ணீர் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டருக்குள் ஓடும். தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வரை 20 கிலோமீட்டர் ஓட்டியும் என்ஜின் பதமான சூட்டுக்கு வராது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் ஆவியாகாமல் படிந்து ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும், பிஸ்டன் ரிங் தேயும். நம்பிக்கை இல்லை என்றால் ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் மோர்க்குழம்பு நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தால், உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு வேடிக்கை. சில என்ஜின்களில், தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் என்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழியை, அடைத்துவிடும். அவற்றில் அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினையே சுற்றிவரும். குளிர்ச்சிக்காகக் கழற்றிய கார், ஏற்றத்தில் கொதிக்கும்!

கழற்றுவதன் ரகசியம் எளிது. அடைபட்ட ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய ஒரு நாள் ஆகும். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்க அரை மணி போதும். நோயை விட்டுவிட்டு நாடி பார்க்கும் கையை வெட்டுகிறார்கள். புதிது ஒன்று வாங்கிப் போடுங்கள், பெரிய விலை இல்லை.

82-க்குப் பதில் 74 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் கார் கொதிக்காதா?
– காரைக்குடி வாசகர்

கொதிக்கும். கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான்.

கழற்றிய தெர்மோஸ்டாட் நல்லதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? கார் பத்மினி.
– கோட்டையூர் வாசகர்

முடியும். நூலில் கட்டி, அடியைத் தொடாதபடி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிடுங்கள் (சமைக்கும் பாத்திரம் வேண்டாம்). வெப்பமானியையும் பக்கத்தில் தொங்கவிட்டு அடுப்பை மெல்ல எரியவிடுங்கள். அதில் பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் திறக்கத் தொடங்க வேண்டும். 95-ஐ ஒட்டி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். ஆறியபின் இடுக்கின்றி மூடுகிறதா என்றும் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கடையில் வாங்கிய புதியதையும் இப்படிச் சோதித்தே மாட்டுங்கள்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா?
– பள்ளத்தூர் வாசகர்

உப்புக் கிணற்றுத் தண்ணீரையா? கூடவே கூடாது. ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். தெர்மோஸ்டாட்டின் ஊசியிலும் அதே படிவு ஏறிச் சிக்கவைக்கும். உங்கள் வீட்டு முற்றத்தில் அண்டா வைத்து மழைநீர் பிடிக்கிறீர்களே, அதை வடிகட்டி, சரிபாதி கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். என்ஜின் ஆறிய பிறகு ஊற்றுங்கள். மூடியைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

தாத்தா காலத்து காரில் தெர்மோஸ்டாட் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மெழுகு வகை போடலாமா?
– புதுவயல் வாசகர்

அளவு பொருந்தினால் போடலாம். துருத்தி வகையின் உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். அது ஓட்டையானால் திறந்த நிலையிலேயே நின்றுவிடும், கார் பிழைக்கும். மெழுகு வகையில் மெழுகு கசிந்துபோனால் மூடியே கிடக்கும், கார் கொதிக்கும். அதனால் முள்ளைக் கவனித்து ஓட்டுங்கள். பிரஷர் மூடி போட்ட ரேடியேட்டர் என்றால் யோசிக்காமல் மெழுகு வகைக்கே மாறுங்கள். அழுத்தம் ஏறினால் துருத்தி விரியத் திணறித் தாமதமாகத் திறக்கும்.

தெர்மோஸ்டாட்டை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது?
– பெயரும் ஊரும் எழுதாதவர்

மெழுகுக் குமிழ் என்ஜின் பக்கம். ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேலே. கேஸ்கெட் புதிது.