ஃபார்முலா மாருதி முதல் எஃப்4 வரை: கேள்வி பதில்

இந்தியாவின் இளையோர் ஃபார்முலா கார் (சக்கரம் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்) வகுப்புகள் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. தொடங்கும் முன் ஒன்று. பாதிப் பேர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். எல்ஜிபி ஃபார்முலா 4 (கோவை நிறுவனம் ஒன்றின் உள்நாட்டு வகுப்பு) வேறு, எஃப்ஐஏ எஃப்4 (உலக மோட்டார் பந்தய அமைப்பின் வகுப்பு) வேறு. பெயரில் 4 இருப்பதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சோழவரத்தான்: ஃபார்முலா மாருதி எப்படிப் பிறந்தது சார்? சென்னையில் டிராக் இருக்கும்போது கார் ஏன் கோயம்புத்தூரில் செய்தார்கள்?

சோழவரத்திலிருந்தே ஆரம்பிப்போம். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். அங்கே ஓடிய ஃபார்முலா கார்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வண்டிகள். விஜய் மல்லையா அங்கே ஓட்டியது ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் கார். பக்கத்தில் நிற்பது வேறு எஞ்சின், வேறு எடை, வேறு டயர். யார் ஜெயித்தாலும் ஜெயித்தது ஓட்டுநரா பணப்பையா என்று சொல்ல முடியாது. ஒரு உதிரிபாகம் உடைந்தால் அது கப்பலில் வரும்வரை வண்டி ஷெட்டில்தான் நிற்கும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், எடை குறைந்த எஞ்சின். அதைவிட முக்கியம், அது முன்சக்கர இயக்கம். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக இருக்கும். அந்தக் கட்டை அப்படியே கழற்றி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பின்சக்கர இயக்கக் கார் தயார். புரொப்பெல்லர் ஷாஃப்ட் வேண்டாம், தனியாகப் பந்தய கியர்பாக்ஸ் வாங்க வேண்டாம். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் பிடித்துக்கொண்டது இதைத்தான். எஃகுக் குழாய்ச் சட்டம், அதற்கு ஃபைபர் கிளாஸ் உடல். 1988 வாக்கில் ஃபார்முலா மாருதி ஓட ஆரம்பித்தது. கோவை ஏன் என்றால், லேத்தும் வெல்டிங்கும் வார்ப்படமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் கிடைக்கிற ஊர் அது. சென்னையில் டிராக் இருந்தது, கோவையில் பட்டறை இருந்தது.

இந்த அமைப்புக்கே உரிய தொல்லைகள் இரண்டு. கியர் லீவர் முன்னால், கியர் பெட்டி பின்னால். நடுவே போகிற ராடு நீளமானது; அதன் மூட்டு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆட்டம் சேர்ந்தால் கைக்கு வரும்போது கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அடுத்தது, ரேடியேட்டர் எஞ்சினை விட்டுத் தள்ளி இருக்கும், தண்ணீர்க் குழாய் நீளும். நிரப்பும்போது மேட்டில் காற்று தங்கிவிட்டால் மீட்டர் ஒழுங்காகக் காட்டிக்கொண்டே இருக்கும், ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

கோவை பொடியன்: கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ‘கரி’ என்றால் அவர்தானா?

அவரேதான். 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கிற 2.1 கிலோமீட்டர் டிராக் அவர் பெயரில்.

செயின் ஸ்பிராக்கெட்: எல்ஜிபி என்பது எதன் சுருக்கம்? ஃபார்முலா ரோலான் என்றும் ஒன்று இருந்ததே, அது வேறு கம்பெனியா?

எல்.ஜி. பாலகிருஷ்ணன். பைக் செயின் செய்கிற அதே கோவை நிறுவனம். ரோலான் அவர்களுடைய செயின் பிராண்டு. வேறு கம்பெனி இல்லை, ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பின்வரிசை: நாராயணும் கருணும் மாருதி ஓட்டித்தான் மேலே போனார்களா?

நாராயண் கார்த்திகேயன் 1992-இல் பிரான்ஸில் வின்ஃபீல்டு பள்ளிக்குப் போய்விட்டு வந்து, 1993-இல் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் ஃபார்முலா மாருதி ஓட்டினார், கரிவரதனின் சூப்பர் ஸ்பீட்ஸ் அணிக்கு. 1994-இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு, 1996-இல் ஃபார்முலா ஏசியா பட்டம். கருண் சந்தோக் 2000-இல் ஃபார்முலா மாருதி தேசியச் சாம்பியன், அடுத்த ஆண்டே ஃபார்முலா ஏசியா சாம்பியன். நாராயண் 2005-இலும் கருண் 2010-இலும் ஃபார்முலா ஒன் கிரிட்டில் நின்றார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து பழகியது 800 சிசி வண்டியில் என்பதை ‘குதிரைத்திறன் போதாது’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

கார்ட் அப்பா: என் மகன் எல்ஜிபி ஃபார்முலா 4 ஜெயித்தால் சூப்பர் லைசென்ஸ் புள்ளி எத்தனை கிடைக்கும்?

பூஜ்யம். சூப்பர் லைசென்ஸ் என்பது ஃபார்முலா ஒன் ஓட்ட எஃப்ஐஏ தரும் உரிமம். முதல் பத்தியைப் படியுங்கள்.

புது ஹெல்மெட்: அடுத்த சீசன் எல்ஜிபி 4 ஓட்டப் போகிறேன். கார்ட்டிங் மட்டும்தான் பழக்கம். எதில் கவனம் வைக்க வேண்டும் அண்ணா?

நல்ல கேள்வி, அதனால் நீளமான பதில். கார் எஃகுக் குழாய்ச் சட்டம், ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் எஞ்சின், கையால் போடுகிற ஐந்து கியர். கார்ட் எனும் சின்னப் பந்தய வண்டியிலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்டீயரிங் ஒரே நாளில் வந்துவிடும். கியர்தான் வராது.

நேர்ச்சாலை முடிவில் 5-இலிருந்து 4-க்கு இறங்க வேண்டும். லீவரை முஷ்டியில் இறுக்கிப் பிடித்து இடப்பக்கமாக இழுத்தீர்களானால் நடுக்கோட்டைத் தாண்டி 2-இல் விழும். கிளட்சை விட்ட அந்த நொடி பின்சக்கரம் எஞ்சினைத் தாங்க முடியாத வேகத்துக்குச் சுற்றும். வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல் வால்வு மிதக்கும், பிஸ்டனில் இடித்தால் அத்தோடு எஞ்சின் காலி. ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது. அது பெட்ரோலையோ பொறியையோ நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உள்ளங்கையைத் திறந்து வைத்து, 5-இலிருந்து நியூட்ரலுக்கு நேராக இழுங்கள். பிடியைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கே லீவரை 3-4 வரிசைக்குக் கொண்டுவரும். அங்கிருந்து நேராகப் பின்னால். இடப்பக்கம் தள்ளுகிற வேலை உங்களுடையது அல்ல. காரில் ஏறும் முன், நிற்கிற வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு நூறு தடவை செய்யுங்கள்.

பிரேக்கை முதலில் அழுத்துங்கள், வேகம் குறைந்த பிறகு கியர். புதியவர்கள் இரண்டையும் ஒரே நொடியில் செய்து பின்சக்கரத்தைப் பூட்டிச் சுழல்கிறார்கள். குதிகாலால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றிவிட்டுத்தான் கிளட்சை விட வேண்டும்.

டயர் காற்றை டிராக்கிலிருந்து உள்ளே வந்த உடனே, சூட்டோடு அளந்து பாருங்கள். 20 பி.எஸ்.ஐ. அளவில் டயருக்குள் காற்று 8, 9 டிகிரி சூடானால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஏறும். காலை எட்டு மணிக்கு வைத்த காற்றோடு மதியம் இரண்டு மணிப் பந்தயத்துக்குப் போனால் வண்டி பனிக்கட்டியில் ஓடுகிற மாதிரி இருக்கும், செட்டப்பைத் திட்டுவீர்கள். டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் வெப்பம் பாருங்கள். நடு மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம்.

இன்னொன்று, ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் மட்கார்டு) கிடையாது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் உங்கள் முன்சக்கரம் பட்டால், தொடும் இடத்தில் எதிரெதிர்த் திசையில் நகரும் இரண்டு ரப்பர்களும் ஒன்றையொன்று பற்றி உங்கள் வண்டியை மேலே தூக்கிவிடும். கார்ட்டில் பம்பரால் இடித்துத் தள்ளுகிற பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மஞ்சள் கொடி: எஃப்ஐஏ எஃப்4 இந்தியாவில் எப்போது வந்தது? அந்தக் காரில் அப்படி என்ன விசேஷம்?

எஃப்ஐஏ இந்த வகுப்பைத் தொடங்கியது 2014-இல். நமக்கு முதல் சீசன் 2023. பிரெஞ்சு நிறுவனம் மைகேல் செய்த கார்பன் ஃபைபர் கூடு, தலைக்கு மேல் ஹேலோ என்ற பாதுகாப்பு வளையம், 1.3 லிட்டர் டர்போ எஞ்சின், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் கியர். குறைந்தபட்ச வயது 15. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் தெருப் பந்தயம் 2023 டிசம்பருக்கு வைத்தது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது.

ரேஸ் பைத்தியம் 46: எல்ஜிபி எஃப்4-க்கு எஃப்ஐஏ புள்ளி உண்டா?

இல்லை. இல்லவே இல்லை. எஃப்ஐஏ எஃப்4-க்கு மட்டும்தான். சாம்பியனுக்கு 12, பிறகு 10, 7, 5, 3, 2, 1. சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று சீசனில் 40 சேர வேண்டும்.

கடைசி வளைவு: இந்திய எஃப்4 என்று பெயர். 2023-இல் ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர், 2024-இல் தென்னாப்பிரிக்காவின் அகில் அலிபாய். டிராக் நம்முடையது, கோப்பை அவர்களுக்கா? இதற்குப் பெயர் தேசியப் பந்தயமா?

எஃப்4-இல் ‘தேசிய’ என்பது நடத்துகிற நாட்டைக் குறிக்கும், ஓட்டுகிறவர் பாஸ்போர்ட்டை அல்ல. இத்தாலிய எஃப்4 பட்டியலைப் பாருங்கள்: 2014 லான்ஸ் ஸ்ட்ரோல், கனடா. 2015 ரால்ஃப் ஆரோன், எஸ்தோனியா. 2016 மார்கோஸ் சீபெர்ட், அர்ஜென்டினா. 2017 மார்கஸ் ஆம்ஸ்ட்ராங், நியூசிலாந்து. 2018 என்ஸோ ஃபிட்டிபால்டி, பிரேசில். 2019 டென்னிஸ் ஹாகர், நார்வே. முதல் இத்தாலியர் 2020-இல் காப்ரியேலே மினி. ஆறு வருடம் காத்திருந்தார்கள்.

நம்ம ஊர் பிட்: அது இத்தாலி சார். அங்கே முப்பது கார் நிற்கும், எங்கே திரும்பினாலும் கார்ட் டிராக். இங்கே இருக்கிற கொஞ்சம் சீட்டையும் வெளியாளுக்குக் கொடுத்தால் நம்ம பையன் எங்கே உட்காருவான்?

சீட்டு எண்ணிக்கை பற்றிச் சொன்னது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியாளை நிறுத்தினால் நம் பையன் வேகம் கூடாது. அவன் யாரோடு ஓட்டுகிறான் என்பதுதான் அவனுடைய அளவுகோல். எம்ஆர்எஃப் டயர் நிறுவனத்தின் எம்ஆர்எஃப் சேலஞ்ச் தொடரில் இதைப் பார்த்தோம். 2016-17-இல் மிக் ஷூமாக்கர் வந்து ஓட்டினார், பட்டம் ஹாரிசன் நியூவிக்கு. 2017-18 ஃபெலிப்பே ட்ருகோவிச். 2018-19 ஜேமி சாட்விக். அவர்களுடைய டேட்டா வரைபடத்தின் மேல் தன்னுடையதை வைத்துப் பார்த்து எங்கே பத்து மீட்டர் முன்னாடியே பிரேக் பிடிக்கிறோம் என்று கற்றவன்தான் லாபம் அடைந்தான்.

கடைசி வளைவு: டேட்டா பார்க்கிறதுக்கு டெஸ்ட் நாள் வேண்டாமா? ஐரோப்பியப் பையன் வருஷம் முழுக்க ஓட்டிவிட்டு வருகிறான். நம்மவன் பந்தயத்துக்கு முந்தைய நாள்தான் காரையே பார்க்கிறான்.

இப்போதுதான் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். குறை அங்கேதான். கோபத்தைக் காட்ட வேண்டியது பயிற்சி நாட்கள் போதாததன் மேல், வந்து ஜெயித்தவன் மேல் அல்ல. 1994-இல் நாராயண் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை ஜெயித்தபோது நாம் கைதட்டினோம். கதவு இரண்டு பக்கமும் திறக்கும்.

நம்ம ஊர் பிட்: அதே பந்தயத்துக்குள் இந்தியருக்குத் தனி வரிசை, தனிக் கோப்பை வைக்கலாமே?

வைக்கலாம். பல தொடர்களில் புதுமுகங்களுக்கு இப்படித்தான் தனிக் கோப்பை. ஆனால் எஃப்ஐஏ புள்ளி மொத்த வரிசைப்படிதான் வரும். இந்தியர் மட்டும் மோதுகிற மேடை வேண்டுமென்றால் எல்ஜிபி வகுப்புகள் இருக்கின்றன. இந்த வழக்கை இத்தோடு மூடுகிறேன்.

பழைய இரும்பு: பழைய எல்ஜிபி கார் ஒன்று விலைக்கு வருகிறது. டிராக் டேவுக்கு மட்டும்தான். என்ன பார்க்க வேண்டும்?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். உடலைக் கழற்றச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். சஸ்பென்ஷன் கைகள் சட்டத்தில் சேருமிடத்தில் வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் இருக்கும். பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாய ஊடுருவல் சோதனை செய்யுங்கள். இடப்பக்க வீல்பேஸையும் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) வலப்பக்க வீல்பேஸையும் டேப்பால் அளந்து பாருங்கள், பிறகு குறுக்கு மூலைகள். 4, 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டம் எங்கோ அடி வாங்கியிருக்கிறது. குழாய்க்கு மேல் ஒட்டுப் போட்டு வெல்டிங் செய்திருந்தால் காரணம் கேளுங்கள். சீட் பெல்ட்டின் லேபிளில் காலாவதி ஆண்டு அச்சாகியிருக்கும். தாண்டியிருந்தால் பெல்ட் புதிதாகப் பளபளத்தாலும் வேண்டாம், வெயிலில் நெசவு நைந்திருக்கும். தீயணைப்பான் தேதியும் அப்படியே.

கார்ட் அப்பா 2: மகனுக்கு ஆறு வயது. ஃபார்முலா ஒன் போக எந்த எஃப்4 நல்லது?

கார்ட்டிங். 15 வயதுக்கு முன் இந்தக் கேள்வியே எழாது.

பைக் எஞ்சின்: ஜேகே டயரின் பழைய பிஎம்டபிள்யூ காரில் பைக் எஞ்சின் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஃபார்முலா பிஎம்டபிள்யூ எஃப்பி02. பிஎம்டபிள்யூ பைக்கின் 1.2 லிட்டர் எஞ்சின், 140 குதிரைத்திறன். சின்னது, லேசானது, அதிக வேகத்தில் சுற்றும். 2011-இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ பசிஃபிக் தொடரே ஜேகே ரேசிங் ஏசியா சீரிஸ் என்று பெயர் மாறியது.

ராக்கெட் ராமன்: சார், எல்ஜிபி ஃபார்முலா 4 ஜெயித்தால்…

முதல் பத்தி.

மூன்றாம் கியர்: என் எல்ஜிபி காரில் முடுக்கிக்கொண்டே போகும்போது மட்டும் மூன்றாம் கியர் விழ மறுக்கிறது. நிற்கும்போது வெண்ணெய் மாதிரி விழுகிறது. பெட்டியைத் திறக்கலாமா?

திறக்காதீர்கள். நிற்கும்போது சரியாக விழுகிறது என்றால் முதல் சந்தேகம் பெட்டி மேல் வராது. முடுக்கும்போது எஞ்சின் தன் தாங்கிகளில் சாய்கிறது, கியர் ராடும் கூடவே நகர்ந்து லீவரின் வழி மாறிவிடுகிறது. முதலில் எஞ்சின் மவுன்ட் ரப்பரைப் பாருங்கள், கடப்பாரையால் நெம்பினால் கிழிசல் தெரியும். அடுத்து ராடின் மூட்டு புஷ்கள். ஒருவரை லீவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பெட்டிப் பக்கத்து முனையைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பிறகு கிளட்ச் முழுதாகப் பிரிகிறதா என்று. இந்த மூன்றும் சரியாக இருந்து அப்புறமும் விழவில்லை என்றால் சின்க்ரோ ரிங் (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்). அப்போது திறக்கலாம்.