ஏசிக்கு முன்னால் மொட்டைமாடி

கேள்வி: கீழக்கரையில் 900 சதுர அடியில் ஒற்றைத்தளக் கான்கிரீட் வீடு. இரவிலும் புழுக்கம் தாங்கவில்லை. படுக்கையறையில் ஒரு ஏசி. ஏப்ரல், மே கணக்கில் 760 யூனிட் வந்தது. வங்கியில் 2 லட்சம் இருக்கிறது. ஹாலுக்கும் ஏசி வாங்கவா, நகையை அடகு வைத்து 3 கிலோவாட் சோலார் போடவா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். நகையைத் தொடவே வேண்டாம். முதல் செலவு மொட்டைமாடிக்கு.

ஒற்றைத்தள வீட்டில் சூட்டின் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்துதான் இறங்குகிறது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு பத்து மணிக்கும் அதைக் கக்கிக்கொண்டிருக்கும். உங்கள் ஏசி ஓயாமல் ஓடுவது அதனால்தான். ஒன்றரை டன் ஏசிக்கு மணிக்குச் சுமார் 1 யூனிட். இரவுக்கு 8 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 480. ஹாலிலும் அப்படியே ஓடினால் மொத்தம் 1,200 தாண்டும். மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால், குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் மேல்படி விலையில் மிச்சமாகும். இரண்டு மாதக் கணக்கு 500-க்குள் வந்தால் கீழ்ப்படிகளின் விலையும் இறங்கும்.

தளத்துக்கு வெப்பம் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். சதுர அடிக்கு 40 ரூபாய் வைத்தால் 36,000. அதற்கு முன் வீட்டுக்குள் நின்று தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அந்தப் பழுதுதான் முதல் வேலை; மேலே பூச்சடித்துவிட்டதால் உள்ளே துரு நிற்காது. பிறகு கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து, விரிசல்களை அடைத்து, கழுவ வேண்டும். நம் கரையோரத்தில் வேலை கெடுவது இந்தக் கழுவலில்தான். உவர்ப்பான போர் தண்ணீரை ஊற்றினால், காய்ந்ததும் உப்பு தளத்திலேயே தங்கி, பூச்சைத் தோல்தோலாக உரித்துவிடும். கடைசிக் கழுவலுக்கு விலைகொடுத்தாவது நல்ல தண்ணீர் வாங்குங்கள். தளம் நன்றாகக் காய்ந்தபின் பிரைமர், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோட். ஈரத்தில் அடித்தால் கொப்புளம் கிளம்பும். ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். தூசி படிந்தால் வெண்மையின் பலன் குறையும், வருடத்துக்கு இருமுறை கழுவுங்கள்.

அடுத்தது ஃபேன். பழையது 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) ஃபேன் 30 வாட்டில் சுற்றும். நான்குக்கு 12,000 ஒதுக்குங்கள். ஏர்கூலர் வாங்காதீர்கள், கடற்காற்றின் ஈரத்தில் அது கசகசப்பைத்தான் கூட்டும். ஏசியின் வெளி யூனிட்டை மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவினால் அதன் உலோகச் சுருளை (காயில்) உப்பு அரிப்பது குறையும்.

பழுதுக்கென்று 12,000 சேர்த்தாலும் 60,000-தான். மீதி 1.4 லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும்.

ஒரு கோடை போகட்டும், பிறகு சோலாரை யோசியுங்கள். யூனிட் 500-ஐ ஒட்டி வந்துவிட்டால் 2 கிலோவாட் போதும். நாளுக்குச் சுமார் 8 யூனிட் தரும். வீட்டு சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூரிய கர் திட்டத்தில் அதற்கு 60,000 மானியம். அது பேனல் மாட்டியபிறகுதான் கணக்குக்கு வரும் என்பதால் முழுத்தொகையும் கையில் வேண்டும். உப்புக்காற்றுக்கான ஐஇசி 61701 சான்றுள்ள பேனல், துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஸ்டாண்ட், ஸ்டெயின்லெஸ் போல்ட் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்டாண்டுக்குத் துளைபோட்ட இடங்களை அன்றே அடைத்து, மேலே மறுபடி பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள்.