எடை போட்டால் எடை ஏறுமா?

அன்புள்ள ஐயா,

அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு எழுதி வைக்கிறோம். அது போக, ஆய்வுக்கு வருகிறவர்களும் எடை, உயரம் பார்க்கிறார்கள், விரலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். போனால் போனதுதான். "எடை போட்டா எடை ஏறிடுமா?" என்று ஒரு தாய் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

ஏறாது. அந்தத் தாயின் கேள்வியை ஆய்வாளர்களே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் தமிழ்நாட்டில். 12 கிராமங்கள். எல்லா ஊரிலும் தாய்மார்களுக்குச் சத்துணவு பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். பாதி ஊர்களில் மட்டும் கூடுதலாக எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் குறித்துக் காட்டினார்கள். 30 மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பக்கப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறியிருந்தார்கள். அட்டையால் தனிப் பலன் இல்லை. 1993-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது.

அதற்காகத் தராசை மூலையில் போட்டுவிட முடியாது. 1980-ல் இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்குக் கூடுதல் உணவு, குறைந்தது 90 நாள். தேறியதும் நிறுத்திவிடுவார்கள். பிள்ளை மெலியும்வரை காத்திருந்து சோறு போடுவது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு அங்கே குறைந்தது. எடை இறங்கினால் அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆய்வே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் வாராவாரம் வீடு தேடிப்போய்ப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். அது கிடைக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. 1990-ல் வெளியான முடிவு. எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

சரி, அடுத்த முறை குழு வந்தால் என்ன செய்வது? ரத்தம் எடுக்கும் முன்பே, முடிவைத் தாயிடம் சொல்வீர்களா என்று கேளுங்கள். விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் ஹீமோகுளோபின் அளவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. அப்படியிருக்க, அந்த எண்ணை அம்மாவுக்குச் சொல்லாமல் எடுத்துப்போவது அநியாயம். மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே, அதாவது கடுமையாக மெலிந்து இருக்கும் பிள்ளையைக் கண்டால் அன்றைக்கே எங்கே அனுப்புவார்கள், போக்குவரத்துச் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். சரியான பதில் வரவில்லை என்றால் மறுக்கிற உரிமை தாய்க்கு உண்டு. கையெழுத்து வாங்கும் முன்பே அதை நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வந்துபோன குழு எது என்று தெரிந்தால் தனியாக எழுதுங்கள். முடிவை ஊருக்குச் சொன்னார்களா என்று நானும் கேட்டுப் பார்க்கிறேன்.